துரு பொய் சொல்லாது, கண்ணு

ஏங்கண்ணு, பழைய கார் வாங்கப் போறியாமா? உன்ற அம்மா சொன்னா. நீ அனுப்பிச்ச போட்டோவையும் பாத்தேன். மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு. செவப்புன்னா செவப்பு, அப்படியொரு செவப்பு. போட்டோ எடுத்தவன் மூஞ்சியே பானெட்டுல தெரியுது. திருவான்மியூர்ல, கடலைப் பாத்த வீட்டு வாசல்ல நிக்குது. "அப்புச்சி, சாவியைத் திருப்புனதும் எஞ்சின் புடிச்சுக்குது. நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடலாமா?"ன்னு கேட்டிருக்கறே.

குடு சாமி, தாராளமாக் குடு. விக்கறவனுக்கும் புள்ளைகுட்டி இருக்குமல்ல. ஐப்பசி மழைக்கு முன்னால இதை எவன் தலையிலயாவது கட்டிப்போடோணும்னு எத்தனை கோயிலுக்கு நேந்துட்டு இருக்கறானோ. கம்பெனில சம்பளம் வாங்கற என்ற பேரன் போய் அந்த வேண்டுதலை நிறைவேத்தறான்னா எனக்குப் பெருமைதான். போறப்ப பெயிண்ட்டை மட்டும் பாரு. குனிஞ்சு அடியில பாத்துப்போடாதே, சட்டை அழுக்காயிரும். காலடி மேட்டைத் தூக்கிப்போடாதே, அவிங்க மனசு நோகும். பேரம் பேசாதே, கவுரவம் கெட்டுரும்.

காசு பாடுபட்டுச் சேத்ததுன்னு உனக்கே தோணுச்சுன்னா இப்படி உக்காரு, சொல்றேன். எனக்கு என்ன பெருசாத் தெரியும்? கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில தகரம் வெட்டி வெட்டியே காது மந்தமானவன். இங்கிலீசு தெரியாது. தகரத்தைத் தட்டுனா அது என்ன சொல்லுதுன்னு மட்டும் தெரியும்.

மொதல்ல ஒண்ணு. எஞ்சின் புடிச்சுக்குதுன்னு குதிக்கறயே, எஞ்சினைப் பத்தி வெசனமே படாதே. அது கெட்டுப்போனா போரிங் போடலாம், பிஸ்டன் மாத்தலாம், வால்வு தேய்க்கலாம், கிராங்க் அரைக்கலாம். என்ன செலவாகும்னு மெக்கானிக்கு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துருவான். தகரம் உளுத்துப்போச்சுன்னா சீட்டுல எழுத முடியாது. ஒரு ஓட்டையை வெட்டப் போனா அதுக்குப் பின்னால ரெண்டு ஓட்டை இருக்கும், அதைத் தொறந்தா சட்டமே பொடியாக் கொட்டும். பழைய கார் வாங்கறவன் வாங்கறது மிச்சமிருக்கற இரும்பைத்தான். மத்ததெல்லாம் கடையில கெடைக்கும்.

அந்தியூர்ச் சந்தையில மாடு புடிக்கறவன் என்ன பண்ணுவான்? கொம்புக்குப் பூசுன வர்ணத்தையும் கழுத்துல கட்டுன மணியையும் ரசிச்சுட்டு நிப்பானா? வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான், குளம்பைத் தூக்கிப் பாப்பான், நாலு எட்டு நடக்க வெச்சுப் பாப்பான். அதுக்குப் பொறவுதான் துண்டுக்கு அடியில கையைக் குடுத்து விலை பேசுவான். நீ கொம்பை மட்டும் பாத்துட்டு கையை நீட்டிட்டு நிக்கறே.

இப்ப துருவைப் பத்தித் தெரிஞ்சுக்க. இரும்பு துருப்புடிக்க ஒண்ணு தண்ணி வேணும், இன்னொண்ணு காத்து வேணும். ரெண்டும் ஒட்டுக்கா வந்தாத் துரு. கூட உப்பும் சேந்துருச்சுன்னா வேலை ஓட்டமா ஓடும். அலுமினியத்துலயும் ஒரு படலம் கட்டும், ஆனா அது ஒட்டிக்கிட்டு உள்ள இருக்கறதைக் காப்பாத்தும். இரும்புத் துரு அப்படியில்ல. செதிலாக் கழண்டு விழுந்து, அடியில இருக்கற நல்ல இரும்பையும் காட்டிக்குடுக்கும். அதோட, இரும்பு துருவாச்சுன்னா முன்ன இருந்ததை விடப் பல மடங்கு இடம் கேக்கும். அதனாலதான் ரெண்டு ஷீட்டைச் சேத்துப் புள்ளி வெல்டிங் வெச்ச எடத்துல துரு பூந்தா, மூட்டே பொளந்துக்கும். பெயிண்ட்டுல சின்னச் சின்னக் கொப்புளமா எழும்பி நிக்குதே, அதுவும் இதே கூத்துத்தான். கொப்புளத்தைப் பாத்தேன்னா துரு அங்க ஆரம்பிச்சிருக்குதுன்னு நெனைக்காதே. உள்ளேருந்து தின்னு முடிச்சு வெளியில எட்டிப் பாக்குதுன்னு அர்த்தம்.

ஹெரால்டு எங்க பொறந்ததுன்னு கேளு. 1959-ல இங்கிலாந்துல டிரையம்ப் ஹெரால்டுன்னு வந்துச்சு. உருவம் போட்டவர் இத்தாலிக்காரர், மிக்கெலோட்டி. 1961-லேருந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைச் செஞ்சுது. இங்கிலாந்துல பனிக்காலம் வந்தா ரோட்டுல உப்பைக் கொட்டுவாங்க, ஐஸ் உருகறதுக்கு. அந்த உப்புத் தண்ணி அடியில தெறிச்சு அங்கத்தி கார்களை அரிச்சுச்சு. நம்மூர்ல ரோட்டுல எவன் உப்பைக் கொட்டறான்னு நீ கேப்பே. கொட்ட வேண்டியதில்ல கண்ணு. கடல் இருக்குது, அதுவே காத்துல கொண்டாந்து குடுக்கும், கூலி கேக்காம. திருவான்மியூர் வாசல்ல நிக்கற வண்டிக்கு அந்த யோகம் தெனமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துல மெட்ராஸ்ல எத்தனை வண்டி முங்குச்சு, 2023-லயும் முங்குச்சு. முங்குன வண்டியும் காஞ்சதுக்கப்புறம் பெயிண்ட் அடிச்சா பளபளன்னுதான் இருக்கும்.

செரி, எப்படிப் பாக்கறது? ஒரு காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துக்க, பெயிண்ட் கீறாம இருக்கோணுமல்ல. ஒரு டார்ச் லைட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய சாக்கு. இவ்வளவுதான் சாமான். காந்தத்தை மட்கார்டு ஓரத்துலயும் கதவுக்கு அடிப்பக்கத்துலயும் வெச்சு மெதுவா இழு. நல்ல தகரத்துல கெட்டியாப் புடிக்கும். திடீர்னு ஒரு எடத்துல பிடி தளர்ந்து கீழ விழுந்துச்சுன்னா, அங்க இருக்கறது இரும்பில்ல, ஓட்டையை மறைச்சுப் பூசுன பட்டி. பட்டி ஒரு நூல் கனம் இருந்தாப் பெருசுபடுத்தாதே, எந்த டிங்கரும் அவ்வளவு வைப்பான். வெரக்கட்டைக் கனத்துக்கு வெச்சிருந்தா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கறான்னு தெரிஞ்சுக்க.

அப்புறம் வெரல் முட்டியால தட்டு. நல்ல தகரம் 'டங்'குன்னு கேக்கும், பட்டி 'தொப்'புங்கும். கதவைத் தட்டறப்ப மேலேருந்து கீழ வரிசையாத் தட்டிக்கிட்டே வா. 'டங், டங், டங்'குன்னு வந்துட்டு கடைசி நாலு வெரல் எடத்துல 'தொப், தொப்'புன்னா கதவு அடி போயாச்சு. ஏன் அங்க மட்டும் போகுதுங்கறயா? கண்ணாடி எறங்கற சந்துல மழைத்தண்ணி கதவுக்கு உள்ளதான் போகும். அது வெளியேறக் கதவுக்கு அடியில ஓட்டை வெச்சிருப்பான் கம்பெனிக்காரன். ஒவ்வொரு தடவை பெயிண்ட் அடிக்கறப்பவும் நம்மாளு அந்த ஓட்டையை அடைச்சுப்போடுவான். தண்ணி உள்ளயே குடியிருக்கும். குண்டூசியை விட்டுக் குத்திப் பாரு, ஓட்டை தொறந்திருக்குதான்னு தெரிஞ்சுரும்.

கதவைப் பாதி தொறந்து, கைப்பிடிப் பக்கத்தைப் புடிச்சு மேல தூக்கிப் பாரு. கீல் தேஞ்சிருந்தா கொஞ்சம் ஆடும், அதை மாத்திக்கலாம். கீலு மாட்டியிருக்கற தூணே சேத்து ஆடுச்சுன்னா காரை விட்டுத் தள்ளி நில்லு. கதவை மூடி, சுத்திலும் இருக்கற சந்தைப் பாரு. மேல வெரல் நுழையுது, கீழ நகம் நுழையலைன்னா உடம்பு தொங்கிப்போச்சு.

இனி மேட்டைத் தூக்கு. "சார், மேட்டு புதுசு சார், ஒட்டியிருக்குது சார்"ம்பான். புது மேட்டுதான் நமக்கு வேணும், அதுக்கு அடியில என்ன பழசுன்னு பாக்கோணும். முன் கண்ணாடியைச் சுத்தியிருக்கற ரப்பர் பீடிங் காஞ்சு வெடிச்சுருச்சுன்னா தண்ணி உள்ள கசிஞ்சு, மேட்டுக்கு அடியில விரிச்ச கம்பளத்துல தங்கிரும். வெயில் எவ்வளவு அடிச்சாலும் அந்தக் கம்பளம் காயாது. அதனால தரைத் தகடு வெளியிலேருந்து அரிக்கறதை விட உள்ளேருந்து அரிக்கறதுதான் சாஸ்தி. முட்டியால அழுத்திப் பாரு. பொரியாட்டம் நொறுங்கற சத்தம் கேட்டுச்சுன்னா விக்கறவன் மூஞ்சியைப் பாக்காதே, அவன் வானத்தைப் பாத்துக்கிட்டு இருப்பான்.

பேட்டரி வெச்சிருக்கற தட்டைப் பாரு. ஆசிட் சிந்தி அதைத் தின்னிருக்கும். டிக்கிக்குள்ள ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அடியில பாரு, தண்ணி நிக்கற பள்ளம் அது. சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவுல கையை விட்டுத் தடவு. மண்ணு கெட்டியா ஒட்டியிருந்தா அதை நோண்டு, அந்த மண்ணு ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும். சாக்கை விரிச்சு மல்லாக்கப் படுத்து அடிப்பக்கம் பாரு. அங்க புதுசாத் தார் அடிச்சு, கருகருன்னு இருந்துச்சுன்னா "ஆகா, என்ன பராமரிப்பு"ன்னு நெனைச்சுக்காதே. துருவுக்கு மேல தாரை அடிச்சா ஈரம் உள்ள மாட்டிக்கும், வெளியில போக வழி இருக்காது. ஸ்க்ரூ டிரைவரால லேசாக் குத்து. உள்ள போச்சுன்னா எழுந்து சட்டையைத் தட்டிக்க.

ஹெரால்டுக்கு ஒரு தனி விசயம் உண்டு. அந்தக் காலத்துலயே மத்தவனெல்லாம் உடம்பும் சட்டமும் ஒண்ணாப் போயிட்டான். அம்பாசடரும் அப்படி, பம்பாய்க்காரன் செஞ்ச ஃபியட் பத்மினியும் அப்படி. அதுகள்ல தனியாச் சட்டம் கெடையாது, உடம்புத் தகரமேதான் பாரத்தைத் தாங்குது. கதவுக்குக் கீழ நீளமா ஓடற பொட்டி, தரை, தூணு, எல்லாம் சேந்து பிடிச்சிருக்கறதாலதான் வண்டி நிமிந்து நிக்குது. பொட்டி உளுத்தா நடு ஒடியும். ஹெரால்டுல அடிச்சட்டம் தனி, உடம்பு மேல போல்ட் போட்டு முடுக்கியிருக்குது. கழட்டித் தூக்கிப் பாத்துடலாம், ரிப்பேருக்குத் தோது. ஆனா நடுவால ஓடற ரெண்டு நீளச் சட்டத்துலேருந்து ரெண்டு பக்கமும் கை நீட்டிக்கிட்டு இருக்கும், அவுட்ரிக்கருன்னு பேரு. உடம்பு உக்காந்திருக்கறது அது மேல. கூடாச் செஞ்சது, ஒரு பக்கம் மூடுனது, தண்ணியும் மண்ணும் போய் உக்காந்துக்க நல்ல எடம். மொத்தமா முன்னால சாயற அந்தப் பானெட்டைத் தொறந்து ரசிக்கறதுக்கு முன்னால, படுத்து அந்தக் கைகளைத் தட்டிப் பாரு. மேல எவ்வளவு மின்னுனாலும் உசுரு அங்கதான்.

எந்தத் துரு ஆபத்து, எந்தத் துரு சும்மான்னு கொழப்பமா இருந்தா இங்கிலாந்துக்காரன் வெச்சிருக்கற கணக்கை எடுத்துக்க. அங்க எம்.ஓ.டி.ன்னு வருசா வருசம் ஒரு சோதனை. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட்டு மாட்டியிருக்கற எடத்துலேருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள சட்டம் பலமா அரிச்சிருந்தா வண்டி தேறாது. ஒரு முழத்துக்குச் சுருக்கமான தூரம். மட்கார்டு நுனியில ஓட்டை இருந்தாப் பாக்க அசிங்கம், அவ்வளவுதான். ஸ்பிரிங் மாட்டற கொக்கிக்குப் பக்கத்துல ஓட்டைன்னா உசுருக்கு அசிங்கம்.

இன்னொண்ணு, பாதிப் பேரு மறக்கறது. சேசிஸ் நம்பர். ஆர்.டி.ஓ. ஆபீசுல பேரு மாத்தப் போனா அந்த நம்பர் மேல காயிதத்தை வெச்சு பென்சில் பிரிண்ட் எடுக்கச் சொல்லுவாங்க. அரிச்சுப்போன சட்டத்துல பாதி எண்ணு காணாமப் போயிருந்தா, நீ இருக்கற லீவையெல்லாம் அந்த ஆபீஸ் வராந்தாவுலயே கழிக்கலாம். ஆர்.சி. புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாச் சரி பாத்துட்டுத்தான் காசைப் பத்திப் பேசோணும். 50 வருசம் தாண்டுன வண்டிக்கு 2021-ல தனியா விதி போட்டிருக்கறாங்க. 'வி.ஏ.' எழுத்தோட நம்பர், பதியறதுக்கு 20,000 ரூபாய், 10 வருசம் செல்லும், மறுபடி பதிய 5,000. ஆனா சட்டத்துலயும் உடம்புலயும் எஞ்சின்லயும் பெருசா மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது, தெனப்படி ஓட்டவும் கூடாது. நீ துருவை எடுக்கறேன்னு வண்டியோட உருவத்தையே மாத்திப்போட்டா அந்த யோகமும் போச்சு.

இப்ப நீயே சொல்லு. திண்டுக்கல் பக்கத்துல ஒருத்தர் கொட்டாயில ஒரு ஹெரால்டு நிக்குதுன்னியே. பெயிண்ட் உரிஞ்சு, கோழி முட்டை வெச்சு, கதவுல துரு தெரியற வண்டி. அதைப் பாத்து மூக்கைச் சுளிச்சியாமா. அட கிறுக்கா! துரு பொய் சொல்லாது. இங்க ஓட்டை, இங்க செதில், இங்க நல்ல இரும்புன்னு அது தன்னோட கணக்கைத் தொறந்து வெச்சுட்டு நிக்குது. பொய் சொல்றது பட்டியும் தாரும் பெயிண்ட்டும். கடல் இல்லாத, காஞ்ச ஊர்ல கூரைக்கடியில நின்ன வண்டி அது. பாத்த துருவுக்கு விலை கழிச்சுக் கேக்கலாம். பாக்காத துருவுக்கு நீதான் முழு விலையும் குடுக்கறே, வெட்டற கூலியையும் குடுக்கறே.

வாங்கியாச்சுன்னு வெச்சுக்குவோம். அப்புறம்? நேரா பெயிண்ட் கடைக்குத்தானே ஓடுவே! மொதல்ல எல்லாத்தையும் கழட்டு. கழட்டறப்ப ஒவ்வொண்ணையும் போன்ல படம் புடிச்சுக்க, அந்தப் போனு அதுக்காவது உபயோகப்படட்டும். போல்ட்டு துரு ஏறி இறுகியிருந்தா சுத்தியலால சாத்தாதே. ஊடுருவற எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி உடு, காலையில கேக்கும். நீ சாத்துனா போல்ட்டு தலை உன் கையில வரும், உடம்பு அங்கயே இருக்கும்.

துருவுல மூணு தரம். மேலாப்புல செவப்பாப் படிஞ்சது ஒண்ணு. கம்பி பிரஷ்சும் எமரியும் போட்டுத் தேச்சு, வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் எடு. ரெண்டாவது, செதில் விட்டுக் குழி விழுந்தது. செதிலைச் சுரண்டி எடுத்துப்போட்டு, குழிக்குள்ள மிச்சமிருக்கறதுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் தடவு. பாட்டில்ல விக்கறானே, அதுல ஒரு வகை பாஸ்பாரிக் அமிலம், இன்னொரு வகை டானிக் அமிலம். டானிக் அமிலம்னா என்னமோ அமெரிக்காவுலேருந்து வந்ததுன்னு நெனைச்சுக்காதே. நம்ம கடுக்காயில இருக்கற துவர்ப்புச் சத்தும் அதே சாதிதான். இரும்போட சேந்தாக் கருப்பா மாறும். அந்தக் காலத்துல காயிதத்துக்கு மையி காச்சுனவன், கலங்காரித் துணிக்குக் கருப்புப் போட்டவன், எல்லாம் கடுக்காயையும் இரும்பையும் வெச்சுத்தான் பொழைச்சான். கன்வர்ட்டர் தடவுன துரு கருக்கறதும் அதே வேலைதான். விக்கறவன் உனக்குக் கடுக்காய் குடுக்கறதுக்கு முன்னால நீ துருவுக்குக் கடுக்காய் குடுத்துரு. ஆனா ஒண்ணு, அது நனையற ஆழத்துக்குத்தான் வேலை செய்யும். ஒரு வெரக்கட்டைச் செதிலுக்கு மேல ஊத்திட்டு "துரு செத்துருச்சு அப்புச்சி"ன்னு போன் பண்ணாதே.

மூணாவது, ஓட்டை. அதுக்கு மருந்து கெடையாது, கத்திதான். நல்ல இரும்பு மின்னற வரைக்கும் வெட்டு. ரெண்டு வெரலு சாஸ்தி போனாலும் பரவால்ல. அந்த எடத்துக்கு அதே கனத்துல புது ஷீட் வெட்டி, ஓரத்தோட ஓரம் சேத்து வெல்டு வை. பழைய துருவுக்கு மேலயே ஒரு தகரத்தைப் போத்தி ஒட்டுப் போடறவன் உண்டு. ரெண்டு தகரத்துக்கு நடுவுல தண்ணி தங்கி, ரெண்டு மழைக்கு ஒட்டும் போயிரும், ஒட்டுக்கு அடியில இருந்ததும் போயிரும். வெல்டிங்குக்கு கேஸ் வேண்டாம், மெலிசுத் தகரம் சூட்டுல நெளிஞ்சுக்கும். சி.ஓ.2 வெல்டிங்ல, புள்ளி புள்ளியா, ஒரு எடத்துல வெச்சுட்டு அது ஆறறதுக்குள்ள இன்னொரு எடத்துக்குப் போய் வெக்கச் சொல்லு. ஒரே இழுப்பா இழுக்கறவன்கிட்ட வண்டியை விடாதே.

வெல்டிங்குக்கு முன்னால பேட்டரியைக் கழட்டு, பெட்ரோல் டேங்க்கைக் கழட்டி எட்டக் கொண்டு போய் வை. காலி டேங்க்கு தானேன்னு அசட்டையா இருக்காதே. நெறஞ்ச டேங்க்கை விடக் காலி டேங்க்குதான் வெடிக்கும், உள்ள ஆவி நிக்கும். அந்த டேங்க்குக்குள்ளயும் துரு இருக்கும், அதுதான் பின்னால செவப்புத் தூளா வந்து கார்புரேட்டரை அடைக்கும். டேங்க்கைச் சுத்தம் பண்றவன்கிட்ட குடுத்துச் சுத்தம் பண்ணிக்க. பிரேக் பைப்பும் இரும்புதான். பிரேக் ஆயில் காத்துலேருந்து ஈரத்தை இழுத்துக்கும், அதனால உள்ளேருந்தும் அரிக்கும். பைப்பு எல்லாத்தையும் புதுசா மாத்திரு. வண்டி ஓடறது முக்கியமில்ல சாமி, நிக்கறதுதான் முக்கியம்.

அம்பாசடரோ பத்மினியோ வாங்கி, கதவுக்குக் கீழ இருக்கற பொட்டியை வெட்டறதா இருந்தா, கதவு திறப்புக்குக் குறுக்க கம்பியை வெல்டு வெச்சு உடம்பைப் புடிச்சுக்கோணும், அதுக்கப்புறம்தான் வெட்டோணும். ரெண்டு பக்கத்தையும் ஒட்டுக்கா வெட்டுனா வண்டி நடுவுல தொங்கிரும், பொறவு எந்தக் கதவும் மூடாது. ஹெரால்டு அவுட்ரிக்கரும் ஒண்ணொண்ணா மாத்தோணும், அளவெடுத்து அளவெடுத்து.

சாண்ட் பிளாஸ்டிங் பண்ணறேன்னு ஒருத்தன் வருவான். அடிச்சட்டத்துக்கு நல்லது, பண்ணிக்க. கதவு, பானெட்டு மாதிரி மெலிசுத் தகரத்துக்கு வேண்டாம், நெளிஞ்சு போயிரும். பண்ணுன இரும்பை வெறுமனே விட்டுட்டு டீ குடிக்கப் போகாதே. அதுவும் மெட்ராஸ்ல. சுத்தம் பண்ணுன இரும்பு ஒரே ராத்திரியில செவந்துரும். அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் அடி. "ரெட் ஆக்ஸைடு அடிச்சாச் செரியாப் போச்சு"ம்பான் ஒருத்தன். அந்த ரெட் ஆக்ஸைடுல கலருக்காகப் போடறதே இரும்புத் துருவுத் தூளுதான், தெரியுமா உனக்கு? துருவுக்குக் காவலா துருவையே நிறுத்தியிருக்கறான். அடிச்சதுக்கு மேல பெயிண்ட் போடாம மாசக்கணக்குல விட்டேன்னா அது ஈரத்தைக் குடிக்கும், உள்ள விடும். பட்டியும் அப்படித்தான். நல்ல பிரைமர் மேல மெலிசாப் பூசு, மூடாம விடாதே.

எல்லாம் முடிஞ்சு பெயிண்ட்டும் அடிச்சாச்சு, வேலை தீந்துச்சுன்னு நெனைச்சா, அங்கதான் நூத்துக்குத் தொண்ணூறு பேரு கோட்டை விடறான். மூடுன சட்டத்துக்கும் பொட்டிக்கும் உள்ள யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது. அதுக்குன்னு மெழுகு மாதிரி ஒண்ணு இருக்குது, நீளக் குழாய் வழியா உள்ள பீச்சறது. அதைக் கேட்டு வாங்கிப் பீச்சு. கதவுக்கு அடியில இருக்கற ஓட்டையைப் பெயிண்ட் அடிச்சவன் மறுபடியும் அடைச்சுட்டானான்னு பாரு. அப்புறம் வண்டிக்கு மேல பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி "பத்திரமா வெச்சிருக்கேன்"னு சொல்லாதே, உள்ள வேர்த்துக் கொட்டும். புல்லு மேல, மண்ணு மேல நிறுத்தாதே. கடற்கரை ரோட்டுல ஓட்டிட்டு வந்தா அடிப்பக்கத்தைத் தண்ணியில கழுவிரு.

ஒரு டிங்கர் வந்து "இனிமே ஆயுசுக்கும் துருவே வராது சார், கேரண்டி"ம்பான். அவனை ரெண்டு கையெடுத்துக் கும்புட்டு அனுப்பிச்சிரு. இத்தாலிக்கார லான்சியா கம்பெனி எவ்வளவு பெரிய கம்பெனி! 1980-ல இங்கிலாந்துல தன்னோட பீட்டா காரு துருப்புடிச்சுப்போச்சுன்னு வித்த வண்டிகளையே திருப்பி வாங்குச்சு. செஞ்சவனே கேரண்டி குடுக்க முடியாத எடத்துல இவன் எங்கேருந்து குடுப்பான்? ஆயுசுக்கும் துருப்புடிக்காத இரும்பு வேணும்னா டெல்லியில குதுப் மினாருக்குப் பக்கத்துல 1,600 வருசத்துப் பழைய தூணு ஒண்ணு நிக்குது. அந்த இரும்புல பாஸ்பரஸ் சாஸ்தி, அதுவே மேல ஒரு படலம் கட்டிக்கிச்சு. அதுக்கு சக்கரம் மாட்ட முடியாது, வெலைக்கும் தரமாட்டாங்க.

அதனால இப்படிப் பண்ணு. திருவான்மியூர்க்காரனை வெயில்ல ஒரு தடவை போய்ப் பாரு. நல்ல மழை பேயறப்ப இன்னொரு தடவை போய்ப் பாரு, எங்க ஒழுகுதுன்னு தெரியும். மழையில காட்ட மாட்டேன்னு சொன்னான்னா உனக்குப் பதில் கெடைச்சுருச்சு. திண்டுக்கல்காரர்கிட்டயும் போ, கோழியை மொதல்ல வெரட்டிட்டு சாக்கை விரி. ரெண்டு வண்டியும் பாத்துட்டு, எது எங்க உளுத்திருக்குதுன்னு காயிதத்துல எழுதி எடுத்துட்டு வா. பெயிண்ட்டைப் பத்தி ஒரு எழுத்தும் அதுல இருக்கக் கூடாது. உருப்படியா எதையாவது வாங்குனேன்னா, மொதல் சவாரிக்கு என்னைத்தான் ஏத்தோணும், முன் சீட்டுல. ஏறுனதும் ரெண்டு காலாலயும் தரையை ஒரு மிதி மிதிப்பேன். காலு ரோட்டுல படலைன்னா மேற்கொண்டு போலாம், பட்டுச்சுன்னா பெட்ரோல் செலவு மிச்சம், நடந்தே ஓட்டிக்கலாம்.